பழைய ஃபைபர் போட் வாங்கும் முன் இந்த மண்டபம் பட்டறைக்குப் போங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில், வடக்குக் கடற்கரைக்குப் போகும் வழியில், படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களைப் பழுதுபார்க்கும், பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறை இருக்கிறது. வாசலில் நிற்கும் நீல டிரம்தான் அடையாளம். பழைய ஃபைபர் போட்டை இன்ஜினோடு வாங்க நினைப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பட்டறை பாயைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். பார்த்துச் சொல்ல 1,500 ரூபாய் வாங்குகிறார். தேவிபட்டினம், தொண்டி என்றால் வண்டிச் செலவு தனி. எனக்கு அதில் ஒரு இன்ஜின் காசு மிச்சம்.

நான் முதலில் பேசிவைத்திருந்தது 40 எச்.பி. டூ ஸ்ட்ரோக் மாட்டிய வள்ளம். மூன்றரை லட்சம் சொன்னார்கள். இன்ஜின் பளபளவென்று இருந்தது. பாய்க்கு அதுதான் பிடிக்கவில்லை. அடிப்பகுதியில் இருக்கும் ஜிங்க் கட்டியை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். பெயிண்ட் உரிந்து வந்தது. "தம்பி, கடல் தண்ணி முதல்ல ஜிங்க்கைத் தின்னணும். அது கரைஞ்சாத்தான் அலுமினியம் தப்பிக்கும். மேல பெயிண்ட் அடிச்சிட்டா ஜிங்க் சும்மா இருக்கும், பாடிதான் கரையும்" என்றார். பல வருடம் ஓடிய இன்ஜினில் ஜிங்க் தேயாமல் இருந்தால், புதிதாக மாற்றியதா என்று முதலில் கேட்க வேண்டுமாம்.

அப்புறம் கியர் பாக்ஸ். இன்ஜினை நேராக நிறுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வந்தோம். தண்ணீர் ஆயிலை விடக் கனம், அடியில் போய்த் தங்கும். கீழ் ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் முதலில் சொட்டியது தண்ணீர்தான். பின்னாலேயே வெளுத்துப்போன ஆயில் வந்தது. தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் சீல் போய்விட்டது.

இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றிய விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், அலுமினிய பிளாக், நடுவில் உப்புத்தண்ணீர் என்று மூன்றும் சேர்ந்தால் உள்ளுக்குள் மின்னோட்டம் உண்டாகி அலுமினியம் அரிக்கும். அதில் வரும் வெள்ளைப்பொடி போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அவசரமாக முறுக்கினால் தலை முறிந்துவிடும். விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, சூடுகாட்டி, தட்டித்தட்டி, பொறுமையாக எடுத்தார். அடுத்தவர் பொருள் என்று அலட்சியம் காட்டவே இல்லை. உள்ளே தண்ணீர் ஓடும் வழி பாதிக்கு மேல் உப்புக் கட்டிக் கிடந்தது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம், இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்; இதில் ஒரு சிலிண்டரில் 115, இன்னொன்றில் 80. சூடேறச் சூடேற ஓட்டிய இன்ஜின் அது.

வள்ளத்தின் பின்பக்கம் இன்ஜின் மாட்டும் பலகையை மரச்சுத்தியலால் தட்டினார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்டது, நடுவில் அழுகின பலாப்பழத்தைத் தட்டினது மாதிரி தொப்பென்றது. ஃபைபருக்கு உள்ளே இருக்கும் பிளைவுட்டில் போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கிவிட்டதாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

நம் கரையில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று சோதிக்க காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சிக்ரி) மண்டபத்தில் நிலையமே வைத்திருக்கிறது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். அதற்கும் முக்கியக் காரணம் அரிப்புதான். கடலுக்குள்ளேயே நின்று ஓடும் இன்ஜினுக்கு என்ன கதி?

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டினால் உப்பு கழுவிப் போய்விடும். ஆனால் குடிக்கவே குடம் கணக்கில் காசு கொடுக்கும் ஊரில் இன்ஜினுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? பாய் அதற்கும் வழி சொன்னார். நாலு வள்ளக்காரர்கள் சேர்ந்து ஒரு 200 லிட்டர் டிரம் வைத்துக்கொண்டு மாறி மாறி இன்ஜினை அதில் இறக்கி ஓட்டலாம். தண்ணீர் உப்புக் கரித்தால் உடனே மாற்ற வேண்டும். எங்கள் கரையில் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

பிறகு ஏர்வாடிப் பக்கம் ஒரு வள்ளம் பார்த்தோம். பெயிண்ட் உரிந்து அசிங்கமாக இருந்தது. ஆனால் ஜிங்க் பாதி கரைந்திருந்தது, ஆயில் சுத்தம், இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு. வயரின் தோலைக் கொஞ்சம் சீவிப் பார்த்தார், உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. "வயரிங் மாத்திக்க, மத்ததெல்லாம் சரி, எடு" என்றார். வாங்கிவிட்டேன், நன்றாக ஓடுகிறது.

குறை என்றால், எதையும் எழுதித் தரமாட்டார். விலை பேசும்போது கையில் ஒரு தாள் இருந்தால் நமக்குத் தெம்பாக இருக்கும், அதை அவர் செய்தே ஆக வேண்டும். சாமான் வரவழைக்க நாளாகிறது. ஃபோர் ஸ்ட்ரோக் கம்ப்யூட்டர் வேலையும் தொடமாட்டார். விசைப்படகுத் தடைக்காலத்தில் மராமத்து குவிந்துவிடும், ஏப்ரல் 15-க்கு முன்னாலேயே சொல்லிவைத்துவிடுங்கள். பார்க்கப் போகும் அன்றைக்கு இன்ஜினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லுங்கள். ஆறின இன்ஜினைத்தான் அவர் தொடுவார்.