எக்ஸ்எஃப்சிஇ-யில் மூன்று மொழி: கீபோர்டுக்கு நல்ல மார்க், டச்பேடுக்குச் சுமார்

தக்கலையில் கோர்ட்டுப் பக்கம் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். வருகிற வேலையில் பெரும்பங்கு பத்திரம், மனு, அஃபிடவிட். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால் மூலப்பத்திரம் மலையாளத்தில் இருப்பது இங்கே சாதாரணம். ஆகவே ஒரே ஃபைலில் தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் அடிக்க வேண்டியிருக்கும். கடையில் இருப்பதோ 4 ஜிபி மெமரி உள்ள பழைய லேப்டாப். அதில் லினக்ஸ் போட்டு, எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப்பில் (மெனு, ஜன்னல், செட்டிங்ஸ் எல்லாம் தரும் பகுதி) சில வருடமாக வேலை ஓடுகிறது. வேகம், மெமரி பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது கீபோர்டு ஷார்ட்கட்டையும் டச்பேடையும் நம் கைக்கு ஏற்ற மாதிரி எவ்வளவு தூரம் வளைக்க முடிகிறது என்பதைப் பற்றி.

கீபோர்டு விஷயத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. மூன்று மொழி வைத்திருப்பவர்களுக்கு ஐபஸ் (லினக்ஸில் மொழி மாற்றி அடிக்க உதவும் நிரல்) தரும் வழக்கமான வழி, சூப்பர் கீயோடு (விண்டோஸ் படம் போட்டிருக்குமே, அதுதான்) ஸ்பேஸைத் தட்டித் தட்டி அடுத்த மொழிக்குப் போவது. இரண்டு மொழி என்றால் பரவாயில்லை. மூன்று ஆனதும், இப்போது எதில் நிற்கிறோம் என்று மூலையில் இருக்கும் சின்னத்தைப் பார்த்துக்கொண்டே அடிக்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல மாற்று இருக்கிறது. ‘ஐபஸ் எஞ்சின்’ என்று தொடங்கி, வேண்டிய மொழியின் எஞ்சின் பெயரைப் பின்னால் கொடுக்கும் ஒற்றை வரிக் கட்டளை நேராக அந்த மொழிக்கே மாற்றிவிடும். செட்டிங்ஸில் கீபோர்டு, அதற்குள் அப்ளிகேஷன் ஷார்ட்கட் பகுதிக்குப் போய் சூப்பர்+1 இங்கிலீஷ், சூப்பர்+2 தமிழ்99 (தமிழ் கீபோர்டு லேஅவுட்), சூப்பர்+3 மலையாளம் என்று ஒவ்வொன்றுக்கும் இந்த வரியைக் கொடுத்துவிட்டேன். இப்போது எந்த மொழியில் நின்றாலும் சூப்பர்+2 தட்டினால் தமிழ்தான். எல்லா அப்ளிகேஷனுக்கும் ஒரே மொழி என்ற ஐபஸ் விருப்பத்தில் மட்டும் டிக் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இது ஒழுங்காக வேலை செய்யாது.

தமிழ்99-ஐ, ஐபஸோடு சேர்ந்து இயங்கும் எம்17என் என்ற தொகுப்பு வழியாகப் போட்டுக்கொள்வது நல்லது. ‘பக்கம்’ என்று அடிக்க ப, க, க, ம தட்டி, கடைசி ம-வுக்கு மட்டும் புள்ளி வைத்தால் போதும், நடுவில் உள்ள புள்ளி தானே விழும். டெஸ்க்டாப்பின் சாதாரண லேஅவுட் பட்டியலில் இருக்கும் தமிழில் இந்த வசதி கிடைக்காது. பத்திரம் முழுக்க அடிக்கிறவருக்கு இது சின்ன விஷயமே இல்லை.

அடுத்த தலைவலி எங்கள் மாதிரி ஆட்களுக்குத்தான் வரும். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் ஆட்டோடெக்ஸ்ட் என்று ஒன்று உண்டு. ‘நான்கெல்லை விவரம்’, ‘சொத்து விவரம்’ போன்ற வழக்கமான பத்திகளை அதில் சேமித்து வைத்தால், சுருக்கப் பெயரை அடித்து எஃப்3 தட்டியதும் முழுப் பத்தியும் வந்து விழும். அந்தப் பட்டியலைத் திறக்க கன்ட்ரோல்+எஃப்3. ஆனால் எக்ஸ்எஃப்சிஇ-யில் கன்ட்ரோல்+எஃப்1 முதல் எஃப்12 வரை அத்தனையும் வொர்க்ஸ்பேஸ் (ஒரே திரையில் மாறி மாறிப் பார்க்கும் தனித்தனி மேஜைகள் மாதிரி) மாற்றும் ஷார்ட்கட்கள். கன்ட்ரோல்+எஃப்3 தட்டினால் பட்டியல் திறக்காது, மூன்றாவது வொர்க்ஸ்பேஸுக்குத் தாவிவிடும். திரையில் பத்திரம் இருந்த இடத்தில் வால்பேப்பர் மட்டும் நிற்கும். கடையில் உதவிக்கு இருக்கும் பிள்ளை இதைப் பார்த்துப் பதறி, “அண்ணே, அடிச்சது மொத்தமும் போச்சு!” என்று எழுந்தே விட்டது. ஒன்றும் போகவில்லை, கன்ட்ரோல்+எஃப்1 தட்டியதும் திரும்பி வந்தது. லிப்ரே ஆபீஸின் கணக்குத்தாளான கால்க்கிலும் இதே கதைதான். ஃபங்ஷன் விசார்டைத் திறக்கும் கன்ட்ரோல்+எஃப்2-வை, ஜன்னல்களைக் கவனிக்கும் விண்டோ மேனேஜரே பிடுங்கிக்கொள்ளும்.

மாற்றுவது சுலபம், மாற்ற வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அப்ளிகேஷன் ஷார்ட்கட்கள் ‘கீபோர்டு’ பக்கத்தில், ஜன்னல்களுக்கும் வொர்க்ஸ்பேஸுக்கும் உரியவை ‘விண்டோ மேனேஜர்’ பக்கத்தில் என்று இரண்டு வீட்டில் குடியிருக்கின்றன. புதிதாக வருகிற யாரும் முதலில் தவறான வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நான் வொர்க்ஸ்பேஸை சூப்பர்+எஃப் வரிசைக்கு மாற்றிவிட்டேன். சூப்பர்+இடது அம்பு, சூப்பர்+வலது அம்பு இரண்டுக்கும் ஜன்னலைப் பாதித் திரையில் ஒட்டும் வேலை. இடது பாதியில் மூலப்பத்திரத்தின் ஸ்கேன், வலது பாதியில் புதிதாக அடிப்பது. இந்த ஒன்றுக்காகவே இந்த டெஸ்க்டாப்பை வைத்துக்கொள்ளலாம்.

சூப்பர் கீயைத் தனியாகத் தட்டினால் மெனு திறக்கும்படி சில லினக்ஸ்களில் வைத்தே தருகிறார்கள். என் லேப்டாப்பில் அது சூப்பர்+2 போன்ற கூட்டு ஷார்ட்கட்களோடு மோதியது. எக்ஸ்கேப் என்ற சின்ன நிரலைப் போட்டுச் சமாளிக்கிறவர்கள் உண்டு. நான் மெனுவையே சூப்பர்+எம்-முக்கு அனுப்பிவிட்டேன். (இத்தனைக்கும் எக்ஸ்எஃப்சிஇ-யின் சின்னம் ஒரு எலி. மவுஸை விடக் கீபோர்டுதான் இதில் நன்றாக இருக்கிறது!)

சரி, டச்பேடுக்கு வருவோம். செட்டிங்ஸில் ‘மவுஸும் டச்பேடும்’ பக்கத்தில் தட்டினால் கிளிக், இரண்டு விரல் ஸ்க்ரோல், திசையைத் திருப்புவது, டைப் அடிக்கும்போது டச்பேடை அணைப்பது ஆகியவை இருக்கின்றன. பலருக்கு அவ்வளவு போதும். எனக்குப் போதவில்லை.

காரணம் மூன்று விரல் தட்டல். அடியில் வேலை செய்து விரலசைவைப் படிக்கும் லிப்இன்புட் என்ற நிரல், ஒரு விரல் தட்டினால் இடது கிளிக், இரண்டு விரலுக்கு வலது கிளிக், மூன்று விரலுக்கு நடு பட்டன் என்று எடுத்துக்கொள்ளும். எக்ஸ்11-இல் (லினக்ஸில் திரையையும் ஜன்னலையும் காட்டும் பழைய அமைப்பு) நடு பட்டன் என்றால், கடைசியாக எதை செலக்ட் செய்தோமோ அது கர்சர் இருக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். காப்பி கொடுத்திருக்கவே வேண்டாம். சர்வே எண்ணை ஒரு பத்தியில் செலக்ட் செய்து பார்த்துவிட்டு, ஸ்க்ரோல் செய்யப் போகையில் இன்னொரு விரலும் பட்டுவிட்டால், அந்த எண் சத்தமில்லாமல் வேறொரு பத்தியில் போய் உட்கார்ந்திருக்கும். சாதாரணக் கடிதத்தில் சிரித்துவிட்டுப் போகலாம். சென்ட் கணக்கில் நிலம் கைமாறும் பத்திரத்தில் முடியுமா? எக்ஸ்இன்புட் கட்டளையில் டச்பேடின் பட்டன் வரிசையை ஒன்று, பூஜ்யம், மூன்று என்று கொடுத்தால் நடு பட்டன் செத்துவிடும். நான் செய்த மாற்றங்களில் மிகவும் உருப்படியானது இதுதான்.

எக்ஸ்இன்புட்டில் செய்வது லாக்அவுட் ஆனதும் மறைந்துவிடும். அதனால் ‘செஷனும் ஸ்டார்ட்அப்பும்’ பக்கத்தில் ஆட்டோஸ்டார்ட்டாகச் சேர்த்துவிட வேண்டும். இழுத்து செலக்ட் செய்யும்போது விரலை நடுவில் எடுத்தாலும் பிடி விடாமல் இருக்க ‘டிராக் லாக்’ என்ற விருப்பத்தையும் அதே வழியில்தான் போட்டேன். மூன்று விரலால் இழுத்து வொர்க்ஸ்பேஸ் மாற்றும் டச்எக் என்ற நிரலையும் போட்டுப் பார்த்தேன். சூப்பர்+எஃப்2 கைப்பழக்கமான பிறகு அது தேவைப்படவில்லை, எடுத்துவிட்டேன்.

எந்த செட்டிங்ஸாலும் தீராதது ஒன்று உண்டு. எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் ஐப்பசி மழையும் இரண்டுமே கொட்டுகிற மாவட்டம் இது. குடையை மடக்கி வைத்துவிட்டு ஈரக் கையோடு உட்கார்ந்தால் கர்சர் பேய் பிடித்த மாதிரி ஓடும். “இது சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு” என்று பிள்ளை டச்பேடைத் தாவணித் தலைப்பால் துடைக்கும். விரலின் மின்னூட்டத்தை வைத்து இடத்தைக் கணிக்கும் பரப்பில் தண்ணீர் பட்டால் அப்படித்தான் ஆகும், லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. அந்த மாதங்களுக்காக டச்பேடை மொத்தமாக அணைக்கவும் திறக்கவும் சூப்பர்+டி-யில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்து, யுஎஸ்பி மவுஸைச் செருகிவிடுகிறோம்.

ஷார்ட்கட் முழுவதும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் இருப்பது பெரிய நிம்மதி. வீட்டில் உள்ள லேப்டாப்புக்கு அதை பென்டிரைவில் கொண்டுபோய் வைத்தேன், அவ்வளவுதான். டெஸ்க்டாப் ஓடிக்கொண்டிருக்கும்போது வைக்காதீர்கள், பழையதையே மேலே எழுதிவிடும். லாக்அவுட் செய்து, டெக்ஸ்ட் கன்சோலில் (எழுத்து மட்டும் வரும் திரை) நுழைந்து வையுங்கள்.

2024 டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.20 பதிப்பில், எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலேண்டுக்கான ஆதரவு சோதனை நிலையில் சேர்ந்திருக்கிறது. அங்கே டச்பேடை மாற்ற எக்ஸ்இன்புட் உதவாது, மேலே சொன்ன டச்பேட் வித்தைகள் செல்லாது. நடு பட்டனை அணைக்க அங்கே ஒரு வழி கிடைக்கும்வரை கடை மெஷின் எக்ஸ்11-இலேயே இருக்கும்.