அத்தையோடு எஃப்டெலிங்

நெதர்லாந்தில் பிள்ளைகளோடு இருக்கும் யாரைக் கேட்டாலும் எஃப்டெலிங் என்ற பொழுதுபோக்குப் பூங்காவுக்கு ஒரு தடவையாவது போயிருப்பார்கள். நாங்கள் இரண்டு தடவை போனோம். முதல் தடவை சொதப்பல், தப்பு எங்கள் மேல்தான். வாசலைத் தாண்டியதும் நேரே ரோலர்கோஸ்டர் பக்கம் ஓடினோம். உயரம் போதாமல் பெரியவள் அழ, தள்ளுவண்டியில் சின்னவன் தூங்க, நானும் கணவரும் மாற்றி மாற்றி வரிசையில் நின்றதுதான் மிச்சம். இந்த மே மாதம் கும்பகோணத்திலிருந்து என் மாமியார் வந்திருந்தார். அத்தைக்கு முழங்கால் வலி, வேகமாக நடக்க முடியாது. அதனாலேயே இந்தத் தடவை, தேவதைக் கதைகளைக் காட்சிகளாக வைத்திருக்கும் கதைக்காட்டை விட்டு வெளியே வர மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. அந்த இடத்தைப் பார்க்க வேண்டிய வேகமே அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

இடம் காட்ஸ்ஹூவல் என்ற சின்ன ஊர். ஐந்தோவனிலிருந்து காரில் முக்கால் மணி நேரம். கார் இல்லாதவர்களுக்கு டில்பர்க், டென் பாஸ் ரயில் நிலையங்களிலிருந்து பஸ் உண்டு. வருஷம் முழுக்கத் திறந்திருக்கும். மூன்று வயது வரை டிக்கெட் கிடையாது. சின்னவனுக்கு நாலு முடிவதற்குள் போய்விட வேண்டும் என்று நான் அவசரப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம், மறைப்பானேன்.

நுழைவாயிலே ஒரு பெரிய நாணல் கூரை, ஐந்து கூம்புகளோடு. எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் கழுத்தை அண்ணாந்து, "இது ஒழுகாதா? எத்தனை வருஷத்துக்கு ஒருதரம் மாத்துவாங்க?" என்று கேட்டார். கீற்றுக் கொட்டகை வேய்ந்து பார்த்தவர் கேட்கிற கேள்வி.

கதைக்காடு 1952-இல் பத்துக் கதைகளோடு தொடங்கியது. அன்டோன் பீக் என்ற ஓவியர் வரைந்து கொடுக்க, பீட்டர் ரைண்டர்ஸ் என்பவர் அவற்றை அசைய வைத்தார். இப்போது முப்பது கதைக்குப் பக்கம் இருக்கும். உயரமான மரங்கள், கோணல் கூரை வீடுகள், பாசி ஏறிய செங்கல். பொம்மைகள் மெதுவாகத்தான் அசையும். தலையைத் திருப்பும், மூச்சு விடும், அவ்வளவுதான். கணினி விளையாட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு இது போதுமா என்று நினைத்தேன். தூங்கும் இளவரசியின் நெஞ்சு ஏறி இறங்குவதைச் சின்னவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

அத்தையிடம் கதைகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் இங்கே இருக்கிற ஒரு கதையும் அவருக்குத் தெரியாது. பெரியவளுக்கு எல்லாம் தெரியும், டச்சுப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்தவள். அதனால் அன்று கதை சொல்கிற வேலை ஏழு வயதுக்காரிக்கு. சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையில் வரும் ஓநாய்க்குத் தமிழில் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. "ஒரு பெரிய நாய், பாட்டி. அது அந்தப் பாட்டியை முழுங்கிட்டு, அவங்க நைட்டியைப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்கு." அத்தை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அந்தப் பொண்ணுக்கு நாய் மூஞ்சி கூடவா தெரியல?" என்றார். பெரியவளிடம் அதற்குப் பதில் இல்லை. யாரிடம்தான் இருக்கிறது.

கழுத்து நீண்டு நீண்டு மரத்தளவு உயரும் லாங்நெக்தான் இந்தக் காட்டின் அடையாளமே. அவனைவிட எங்கள் வீட்டில் செல்வாக்குப் பெற்றவர் ஹொல்லெ பொல்லெ ஹைஸ். வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும் குண்டு மனிதர், உண்மையில் அவர் குப்பைத்தொட்டி. "பப்பீர் ஹீர்!" என்று கத்துவார், அதாவது காகிதத்தை இங்கே போடு. கையை நீட்டினால் உறிஞ்சிக்கொண்டு நன்றி சொல்வார். எவ்வளவு தின்றாலும் பசி அடங்காத ஆள் என்று டச்சுப் பிள்ளைப்பாட்டு ஒன்று இருக்கிறதாம். "நம்ம பகாசுரன்" என்று அத்தை ஒரே வார்த்தையில் முடித்தார். சின்னவன் தரையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கிப் போட்டான். அது தீர்ந்ததும் நான் வைத்திருந்த புதுக் கைத்துடைப்புத் தாள் கட்டையும், அப்புறம் பூங்காவின் வரைபடத்தையும் ஊட்டிவிட்டான். அதன்பிறகு வழியைக் கேட்டுக் கேட்டுத்தான் நடந்தோம்.

பறக்கும் பக்கிரி என்று ஒருவர், 1958-லிருந்து இருக்கிறார். குழல் ஊதுவார், துலிப் பூக்கள் மண்ணிலிருந்து எழும்பும். பிறகு கம்பளத்தில் ஏறி எதிர்க் கோபுரத்துக்குப் பறப்பார். தலைப்பாகையைப் பார்த்துவிட்டுப் பெரியவள், "பாட்டி, உங்க ஊர்க்காரர்" என்றாள். "எங்க ஊர்ல ஊதினா பாம்புதான்டி வரும்." பக்கத்திலேயே இந்திய அல்லிப்பூக்கள் என்று ஒரு காட்சி. பெல்ஜியத்து ராணி ஃபபியோலா எழுதிய கதை, 1966-இல் வந்தது. தவளைகள் வாத்தியம் வாசிக்க, அல்லிப் பூக்களின் மேல் தேவதைகள் ஆடுகிறார்கள். எங்கே இந்தியா என்று நாங்கள் கடைசிவரை தேடினோம். ஆனால் அந்த இருட்டு அறையில் இரண்டு தடவை உட்கார்ந்து பார்த்தோம், அவ்வளவு அழகு.

ஒரு எச்சரிக்கை. தீக்குச்சி விற்கும் சிறுமியின் காட்சிக்கு மூன்று வயதுப் பிள்ளையை யோசித்துக் கூட்டிப்போங்கள். பனியில் அந்தப் பெண் குச்சிகளை உரசி உரசி, கடைசியில் இறந்துபோகிறாள். பிள்ளைகள் பூங்காவில் இது எதற்கு என்று எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியவள் அவர் முந்தானையை இழுத்து, "அழாதீங்க பாட்டி. அவளோட பாட்டி வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள். அதற்கப்புறம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பாடு வெளியிலிருந்து கொண்டுபோகலாம். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் மரத்தடி பெஞ்சில் காலியாயின. உள்ளே வாங்கினால் சைவக்காரர்களுக்கு உருளைக்கிழங்கு வறுவல், பான்கேக் இருக்கின்றன, பட்டினி கிடக்க வேண்டாம். பொஃபர்ச்செஸ் என்ற குட்டி அப்பங்களை மட்டும் விடாதீர்கள். குழிப்பணியாரத்தின் தூரத்துச் சொந்தம், மேலே சர்க்கரைப் பொடி.

மதியத்துக்கு மேல் நீராவி ரயிலும், ஏரியில் தானாகப் போகும் படகும். முட்டிவலிக்காரர்களுக்கு இரண்டும் வரம். ட்ரோம்ஃப்ளுக்த் என்ற இருட்டுச் சவாரிக்கு வரிசை நீளம்தான், ஆனால் நிற்கலாம். தொங்கும் பெட்டியில் உட்கார்ந்து தேவதைகளின் காட்டுக்குள் மிதந்து போவது. கடைசியில் பெட்டி சுழன்று வேகமாக இறங்கும்போது அத்தை முருகனைக் கூப்பிட்டார். ரோலர்கோஸ்டர் பக்கம் இந்தத் தடவை நாங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கிளம்பும் நேரத்தில் அத்தை, "அந்தக் கிளிகிட்ட ஒருதரம் போயிட்டு வந்துடலாம்" என்றார். காலையில் பார்த்திருந்தோம். நாம் பேசுவதை அப்படியே திருப்பிச் சொல்லும் பொம்மைக்கிளி. எல்லோரும் டச்சில் கத்திக்கொண்டிருக்க, அத்தை போய், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "சாப்பிட்டியா?" என்றது கிளி. "வந்து மூணு வாரமாச்சு, இந்த ஊர்ல வெளி ஆள் ஒருத்தர் என்கிட்ட தமிழ் பேசினது இப்பத்தான்" என்று எங்களைத் திரும்பிப் பார்த்தார். சாயங்காலம் கூட்டம் குறைந்திருந்தது. கிட்டே போய் மெதுவாக, "போயிட்டு வரேன்" என்றார்.

"போயிட்டு வரேன்" என்றது கிளி.

"நீ எங்கடி போறே?" என்றார் அத்தை.