கறுப்பு பாக்ஸ், வெள்ளை பாக்ஸ்: இம்பாக்ட் கன்னோடு நாலு வருஷம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிப் பக்கம் போகிற ரோட்டில் எனக்கு ஒரு சின்ன டயர் கடை. கார், பிக்கப், அப்புறம் காலையில் கள்ளு ஏற்றிக்கொண்டு ஓடுகிற வண்டிகள். சித்தூர் தாலுகாக் கள்ளு கேரளத்தின் பல மாவட்டங்களுக்குப் போகிறது. வழியில் வண்டி நின்றாலும் கள்ளு புளிப்பதை நிறுத்தாது. பஞ்சர் என்று வந்தால் அந்த டிரைவர்கள் நின்ற இடத்தில் நிற்கமாட்டார்கள். அவர்கள் அவசரத்துக்காகவே 2021-ல் பேட்டரியில் ஓடி வீல் நட்டைக் கழற்றுகிற இம்பாக்ட் கன் வாங்கினேன், முனைச் சதுரம் அரை இஞ்ச். கன்னுக்காக நாலு கடை ஏறி இறங்கினேன். அதன் முனையில் மாட்டி நட்டைக் கவ்வுகிற பாக்ஸைப் (சாக்கெட்) பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. கையால் திருகுகிற ராட்செட்டில் பத்து வருஷம் ஓடிய பளபள குரோம் செட் கையில் இருந்தது, அதையே மாட்டினேன்.

மூன்றாவது வாரம் 19 மில்லிமீட்டர் பாக்ஸ் பிளந்தது. துருப்பிடித்த நட்டு, ட்ரிகரை விடாமல் ஐந்தாறு விநாடி பிடித்திருப்பேன். ‘டப்’பென்று ஒரு துண்டு காதோரம் பறந்து தகரக் கதவில் அடித்தது. அந்தக் குழி இன்னும் கதவில் இருக்கிறது. “ஏனுங்க, நல்ல கம்பெனி பாக்ஸ்தானுங்களே?” என்றார் வண்டிக்காரர். நல்ல கம்பெனிதான். அதைக் கன்னில் மாட்டிய நான்தான் தப்பு.

நாம் ஸ்பேனரைப் பிடித்துத் திருகுவது ஒரே சீரான விசை. கன் அப்படித் திருகுவதில்லை. உள்ளே ஒரு சுத்தியல் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அடித்து அடித்துத்தான் நட்டைக் கழற்றுகிறது. கைக்கான குரோம் பாக்ஸ் குரோம் வனேடியம் எஃகு. சுவர் மெல்லிசு, நல்ல கடினம். அந்தக் கடினமே இங்கே வினை. அடி விழ விழ மூலையில் மயிரிழை விரிசல் விடும், ஒரு நாள் சொல்லாமல் பிளக்கும். மேல்பூச்சும் செதிலாக உரிந்து கையைக் கிழிக்கும். இம்பாக்ட் பாக்ஸ் பெரும்பாலும் குரோம் மாலிப்டினம். தடித்த சுவர், கொஞ்சம் வளைந்துகொடுக்கிற பதம். அடியைத் தாங்கித் தேயும், வாய் அகலும், ஆனால் சில்லாகத் தெறிப்பது அபூர்வம். அதற்காகக் கண்ணாடி போடாமல் வேலை செய்யாதீர்கள். நானும் அந்தக் கதவுக் குழிக்குப் பிறகுதான் போட ஆரம்பித்தேன்.

கறுப்பாக இருந்தாலே இம்பாக்ட் பாக்ஸ் என்று நம்பவும் கூடாது. வெறும் கறுப்புப் பூச்சும் சந்தையில் உண்டு. நான் பார்ப்பது சுவரின் கனம், கன்னில் மாட்டுகிற சதுர ஓட்டைப் பக்கம் நழுவாமல் பூட்டப் பின் (ஊசி) செருகுகிற குறுக்குத் துளை, இம்பாக்ட் என்ற முத்திரை. சில நல்ல கம்பெனிகள் குரோம் வனேடியத்தையே இதற்கென்று பதப்படுத்திச் செய்கின்றன, அதனால் உலோகப் பெயரை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம். இம்பாக்ட் பாக்ஸுக்கான ஜெர்மன் தர எண் டிஐஎன் 3129 என்று அச்சிட்டிருந்தால் யோசிக்காமல் எடுப்பேன்.

பாக்ஸின் உள்வாயில் பட்டை ஆறு இருக்க வேண்டும், பன்னிரண்டு வேண்டாம். பன்னிரண்டு பட்டை பாக்ஸ் நட்டின் மூலையை ஒட்டித்தான் பிடிக்கும். ஏற்கெனவே வழுக்கிய நட்டென்றால் கன் அதை உருண்டையாக்கிவிடும், அப்புறம் உளிதான்.

கோயம்புத்தூரில் பத்து பீஸ் செட் வாங்கினேன். அது ஒரு வீண் செலவு. நாலு வருஷத்தில் மாருதிக்கு 19, ஹூண்டாய்க்கும் இன்னோவாவுக்கும் 21, எப்போதாவது 17. மற்றவை புது மெருகோடு தூங்குகின்றன. 19-ஐ இரண்டு தடவை மாற்றிவிட்டேன். இன்றைக்கு வாங்கினால் தனித்தனியாக, ஆழமான பாக்ஸ் மூன்று வாங்குவேன். போல்ட்டு நீட்டிக்கொண்டிருந்தால் குட்டைப் பாக்ஸ் நட்டை முழுசாகக் கவ்வாது.

அலாய் வீலில் வேறு தொல்லை. நட்டுக் குழி குறுகல், தடித்த சுவர் உள்ளே நுழையாது. அதற்கென்று சுவர் மெலிந்து பிளாஸ்டிக் உறை போட்ட பாக்ஸ் வருகிறது. வீலில் கீறல் விழாது, வாடிக்கையாளர் முகம் கோணாது. உறை எனக்கு எட்டு மாசம்தான் தாங்கியது. சுவர் மெலிசு என்பதால் துருப்பிடித்த நட்டுக்கு அதை எடுப்பதில்லை. முதலில் கைக் கம்பியால் இளக்கிக்கொள்வேன்.

கன்னுக்கும் பாக்ஸுக்கும் நடுவே மாட்டுகிற எக்ஸ்டென்ஷன் ராடு, வளைகிற யுனிவர்சல் ஜாயிண்ட் எல்லாம் அடியைத் தின்னும். நீளம் கூடக் கூட நட்டுக்குப் போகிற விசை குறையும். ஒருமுறை முக்கால் இஞ்ச் பாக்ஸை அரை இஞ்ச் கன்னில் அடாப்டர் வைத்து மாட்டி, ஒரு லாரி நட்டோடு மல்லுக்கட்டினேன். அடாப்டரின் சதுரம் முறுக்கி ஒடிந்தது. நல்லவேளை, கன்னின் சதுரம் தப்பியது. அது போயிருந்தால் செலவு பல மடங்கு. லாரிகளை இப்போது வாளையார் ரோட்டுக் கடைக்கே அனுப்பிவிடுகிறேன். அங்கே ஒரு இஞ்ச் கன், பாக்ஸில் பின்னும் ரப்பர் வளையமும் போட்டுப் பூட்டியிருப்பார்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு மழை வந்தால் கறுப்புப் பூச்சு ஜூனிலேயே செம்மண் நிறமாகும். ராத்திரி எண்ணெய்த் துணியில் துடைத்தால் போதும், மேல் துரு வேலையைக் கெடுக்காது.

இறுக்குவதைக் கன்னிடம் முழுசாக விடுவதில்லை. லேசாக ஓட்டிவிட்டு இறுக்கத்தை அளந்து திருகுகிற டார்க் ரெஞ்ச்சால் முடிக்கிறேன், சின்ன கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி. அதற்கு அந்தப் பழைய குரோம் செட்டின் மிச்சம் இன்னும் உதவுகிறது. கன் பக்கம் போகாமலிருக்க அதை மேஜையின் கீழ் டிராயரில் போட்டிருக்கிறேன், கறுப்பு மூன்றும் சுவரில் ஆணியில் தொங்குகின்றன.