சொட்டு மருந்தா, லேசரா, அறுவையா: கிளாக்கோமாவில் எது யாருக்கு?

கிளாக்கோமா என்று தெரிந்ததும் கொங்கு நாட்டுக் குடும்பங்களில் பலர் கேட்கும் முதல் கேள்வி, கண்புரையைப் போல இதையும் எடுத்துவிட முடியாதா என்பதுதான். முடியாது. புரையில் மங்குவது கண்ணின் வில்லை. அதை மாற்றினால் பார்வை திரும்பும். கிளாக்கோமாவில் அழிவதோ கண்ணையும் மூளையையும் இணைக்கும், ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பு. பட்டுப்போன இழை மீண்டும் துளிர்ப்பதில்லை. கண்ணின் உள் அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சிய இழைகளைக் காப்பதே மூன்று சிகிச்சைகளின் வேலையும்.

சொட்டு மருந்தில் தொடங்குவது எளிது, ஆண்டுக்கணக்கில் விடாமல் தொடர்வதுதான் கடினம். பெரும்பாலும் வலியில்லாத நோய் என்பதால், மருந்தை நிறுத்தினாலும் உடனே எந்த வேறுபாடும் தெரியாது. பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறி மாறி வரும் சோமனூர் விசைத்தறிக்காரருக்கு 'இரவில் ஒரு சொட்டு' என்ற விதியே குழம்பிவிடுகிறது. லட்டனோபிராஸ்ட் என்ற சொட்டு மருந்தின் வகைகள் பலவற்றைத் திறக்கும்வரை குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரை வீட்டில் அது சிறிய கவலையன்று. டிமோலால் என்ற மற்றொரு சொட்டு மருந்து விலை குறைந்தது, ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது, நாடித் துடிப்பையும் தளர்த்தும். நூற்பாலையில் பஞ்சுத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்து வீசிங் வந்தவர்கள், கண் மருத்துவர் கேட்காவிட்டாலும் அதைத் தாமே சொல்லிவிட வேண்டும்.

கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் சல்லடையில் லேசர் ஒளியைச் செலுத்தும் எஸ்.எல்.டி. சிகிச்சை சில நிமிடங்களில் முடியும். பிரிட்டனில் நடந்து 2019இல் வெளியான லைட் ஆய்வில், லேசரில் தொடங்கியவர்களில் 74 சதவீதத்தினருக்கு மூன்றாண்டுக்குப் பிறகும் சொட்டு மருந்து தேவைப்படவில்லை. பலன் நாளடைவில் குறையலாம், மீண்டும் செய்துகொள்ளவும் முடியும். ஆனால் இது திறந்த கோண வகைக்கு, அதாவது அந்த நீர் வடியும் கோணம் அடைபடாமல் இருக்கும் கிளாக்கோமாவுக்கு, உரியது. கோணம் மூடிய கண்ணுக்குச் செய்யும் லேசர் வேறு.

டிரபெகுலெக்டமி அறுவையில் கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேறப் புதிய வடிகால் அமைக்கிறார்கள். அழுத்தம் நன்றாக இறங்கும். நோய் முற்றிய நிலையில் வந்தவர்களை வைத்துப் பிரிட்டனில் நடந்த மற்றோர் ஆய்விலும் சொட்டு மருந்தைவிட அறுவையே அழுத்தத்தைக் கூடுதலாகக் குறைத்தது. அதற்கான விலையும் உண்டு: புரை விரைவில் வரலாம், வடியும் நீர் சேர்ந்து மேலிமைக்கு அடியில் உருவாகும் கொப்புளத்தில் கிருமித்தொற்று ஏற்படும் ஆபத்து ஆயுள் முழுவதும் இருக்கும், சில வாரங்கள் பாரம் தூக்கவோ குனிந்து வேலை செய்யவோ கூடாது. மஞ்சள் அறுவடைக் காலத்தில் இதைத் தள்ளிப்போடத் தோன்றுவது இயல்பே; ஆயினும் பக்கப் பார்வை ஏற்கெனவே சுருங்கிவிட்டவர் தள்ளிப்போடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

ஆரம்ப நிலையில் இருக்கும், ஷிப்டு வேலை பார்க்கும், கோணம் திறந்தவர், வாழ்நாள் முழுக்கச் சொட்டு என்று ஒப்புக்கொள்வதற்கு முன் லேசரைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் லேசர் செய்துகொண்டவர்தான் 'மருந்தே இல்லையே' என்று பரிசோதனைக்கு வராமல் நின்றுவிட எளிதில் வாய்ப்புண்டு. அழுத்தம் மெல்ல ஏறுவதை அவரால் உணர முடியாது, பக்கப் பார்வை எவ்வளவு என்று பார்க்கும் பார்வைப் புலச் சோதனையும் அழுத்த அளவீடும்தான் நிலைமையைக் காட்டும்.