மரச்சட்டச் செடி பிரஸ்: மலைப்புல்லுக்குச் சரி, மண்டபம் கடற்கரை உமரிக்கு?

செடியை அழுத்தித் தட்டையாக உலர்த்த, ஆய்வகச் சாமான் கடைகளில் கிடைக்கும் 45 × 30 செ.மீ. பிரஸ் இது. இரண்டு சட்டம், இரண்டு பட்டை, நெளி அட்டைகள், கொஞ்சம் மையொற்றுத் தாள். பழனிமலையிலோ நீலகிரியிலோ புல்வெளிச் செடிகளைச் சேகரித்து வந்து இராமநாதபுரத்தில் உலர்த்துபவர்கள், வாங்குமுன் இதைப் படித்துவிடுங்கள்.

மலைப்புல்லுக்கு அருமையான சாமான். 42 × 28 செ.மீ. ஹெர்பேரியம் ஷீட்டுக்கு, அதாவது உலர்ந்த செடியை ஒட்டிவைக்கும் தாளுக்கு, அளவு கச்சிதம். நீளமான புல்லை வெட்ட வேண்டாம். மடித்து, மடிப்பு முனையில் கீறிய காகிதத் துண்டைச் செருகினால் விரியாது. வேரோடு தோண்டுங்கள், அடியில் கிழங்குத்தண்டு இருக்கிறதா என்று தெரியாவிட்டால் அடையாளம் காண்பது பெரும்பாடு. புதிய சிற்றினமோ என்ற சந்தேகம் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஹோலோடைப் (புதிய பெயருக்கு ஆதாரமாக வைக்கும் ஒற்றை மாதிரி) எந்த ஹெர்பேரியத்தில், அதாவது உலர்செடிக் காப்பகத்தில், இருக்கிறது என்பதைப் பெயர் வெளியிடும்போதே சொல்ல வேண்டும் என்பது 1990-லிருந்து தாவரப் பெயரிடல் விதி. கோவையிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் போன்ற இடங்களில் அந்த ஒரு மாதிரியைத்தான் தலைமுறை தலைமுறையாக எடுத்து அளப்பார்கள். பிரஸ்ஸில் பூ நசுங்கிவிடும். ஆகவே ஓரிரு பூவை 70 சதவீத ஆல்கஹாலில் தனியே போடுங்கள். நிறம் இரண்டிலும் நிற்காது, பறித்த இடத்திலேயே குறித்துவிடுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் கைவைக்கவே கூடாது. நாலைந்து செடிதான் நிற்கிறது என்றால் வேரைத் தொடாமல் ஒரு கிளையும் படங்களும் போதும்.

கடற்கரைச் செடிக்கு இதே பிரஸ் திணறுகிறது. உப்பு நிலத்தில் வளரும் சதைப்பற்றான உமரியை அப்படியே வைத்தால் உள்ளே நாள்கணக்கில் சாகாமல் கிடந்து இலையை உதிர்க்கும்; மேலே படிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்க, பூஞ்சணம் பிடிக்கும். நல்ல தண்ணீரில் அலசி, பூவை விட்டுத் தண்டை மட்டும் சில நொடி கொதிநீரில் முக்கி, துணியால் ஒற்றி வையுங்கள். முதல் மூன்று நாள் காலையும் மாலையும் தாள் மாற்ற வேண்டும். கடற்கரை மணலில் வளரும் இராவணன் மீசைப் புல்லின் முள்ளுருண்டை தாளைக் குத்திப் பக்கத்துச் செடியையும் கிழிக்கும். அதைத் தனிக் காகித உறையில் போடுங்கள்.

குறைகள் இரண்டு. இரும்பு பக்கிள் உப்புக்காற்றில் துருப்பிடித்து, கறை தாளுக்கு இறங்குகிறது; பருத்தி நாடா கட்டினால் போதும். பெரிய குறை அட்டையில்தான். நெளிவுக் குழல்கள் குறுக்குவாட்டில் ஓட வேண்டும், அப்போதுதான் காற்று சீக்கிரம் வெளியேறும். இதில் நீளவாட்டில் வெட்டியிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நடுவில் இருக்கும் செடி கறுத்துப்போகிறது. சட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பழைய பெட்டி அட்டையைக் குழல் பார்த்து நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். பிளைவுட் வேண்டாம், ஈரத்தில் அடுக்கு பிரியும். ரீப்பர் அடித்த சட்டமாகக் கேளுங்கள்.