பெரியவர்களுக்குக் கடையில் போன் ‘செட்டிங்’ செய்து வாங்குகிறீர்களா? ஆட்டோபேயைப் பாருங்கள்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கம் வீட்டுப் பெரியவருக்கு முதல் ஸ்மார்ட்போன் வாங்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டன் போனை விடவே மாட்டேன் என்றவர், பேரனை வீடியோ காலில் பார்க்கலாம் என்றதும் சம்மதித்தார். டி.எச். ரோட்டில் ஒரு கடைக்கு அவரே போய் வாங்கினார். “பேங்க், யுபிஐ எல்லாம் நாங்களே போட்டுத் தர்றோம் பெருசு” என்று செட்டிங்குக்குத் தனியாகக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

ஏடிஎம் கார்டை வாங்கி, கடைசி ஆறு எண்களையும் தேதியையும் கடைப் பையனே அடித்தான். ஓடிபியையும் அவனே பார்த்துப் போட்டான். பின் நம்பரை மட்டும் அப்பா போட்டார். அப்புறம், “சரியா வேலை செய்யுதான்னு செக் பண்ணணும், இன்னொரு வாட்டி போடுங்க” என்று மறுபடி இரண்டு முறை போட வைத்திருக்கிறான். செக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒன்று ஏதோ போன் பாதுகாப்புத் திட்டம், இன்னொன்று ஒரு உடற்பயிற்சி ஆப். இரண்டுக்கும் மாதாமாதம் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்ள ஆட்டோபே அனுமதி!

ஆட்டோபேக்கு அனுமதி கொடுக்கும்போதுதான் பின் கேட்கும். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் 15,000 ரூபாய் வரை பின் கேட்காமலே எடுக்கலாம். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. தகவல் வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். தினசரியை வரி விளம்பரம் வரை விடாமல் படிக்கிற மனிதருக்கு போனில் தமிழை வைத்துக் கொடுக்கவில்லை அந்தக் கடையில்.

பாஸ்புக்கில் பதிந்து வந்தபோதுதான் அப்பா கண்டுபிடித்தார். சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டு, “இது நான் எடுத்த பணம் இல்லையேடா” என்று நீட்டினார். கடையில் போய்க் கேட்டால், “பின்னை அவர்தானே போட்டாரு?” என்று பதில். வயசானவர் நம்பி உட்கார்ந்தார் என்பதற்காகவே இதைச் செய்திருக்கிறார்கள். பணத்தைவிட எனக்கு ஆற மாட்டாதது, “நான்தான் ஏதோ தட்டிட்டேன் போல” என்று அப்பா போனைத் தொடவே பயந்தது. தப்பு அவர் மேல் துளியும் இல்லை.

யுபிஐ ஆப்பில் உங்கள் படத்தைத் தொட்டால் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும். அதில் தெரியாத பெயர் எது இருந்தாலும் ரத்து செய்யுங்கள். சம்பந்தப்பட்ட ஆப்பை போனிலிருந்து நீக்குவதால் மட்டும் அனுமதி ரத்தாகாது; நிறைய பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கடையில் போனையும் பில்லையும் வாங்குங்கள், சிம் போட்டுக்கொள்ளுங்கள், போதும். வங்கி வேலையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு, பின் நம்பரைப் போடும் முன் திரையில் வரும் பெயரையும் தொகையையும் அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நமக்குப் பணம் வர வேண்டுமென்றால் பின் நம்பர் தேவையே இல்லை என்பதையும் சொல்லிவையுங்கள்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

நாங்கள் இரண்டு அனுமதியையும் ரத்து செய்துவிட்டோம். போன பணத்துக்கு வங்கியில் புகார் நிலுவையில் இருக்கிறது.