1 எம்பி குறைவால் சேராமல் போன வன்தட்டு: எட்டாண்டு ரெய்டு அனுபவம்

வீட்டில் நான்கு 2 டிபி வன்தட்டுகளை லினக்ஸின் மென்பொருள் ரெய்டு 5 ஆக, அதாவது ஒரு தட்டு பழுதானாலும் தரவு தப்பும்படி இணைத்த ஒரே தொகுதியாக, அமைத்து எட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இதற்குள் மூன்று தட்டுகளை மாற்ற வேண்டி வந்தது. இரண்டு முறை, புதிய தட்டைச் செருகிக் கட்டளையைக் கொடுத்துவிட்டு உறங்கப் போனேன். காலையில் எல்லாம் சரியாகியிருந்தது. நடுவில் நடந்த மாற்றம் மட்டும் இரண்டு நாட்களைத் தின்றது.

அப்போது மாற்றுத் தட்டாக நான் எடுத்தது, பழைய மேசைக் கணினியிலிருந்து கழற்றி வைத்திருந்த ஒன்று. அதே நிறுவனம், அதே மாடல், மேலே ஒட்டியிருந்த சீட்டிலும் அதே 2 டிபி. ஆனால் லினக்ஸில் ரெய்டை நிர்வகிக்கும் கருவியான எம்டிஏடிஎம் (mdadm), தொகுதியில் சேரும் அளவுக்கு அந்தத் தட்டு பெரிதாக இல்லை என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. ஒரு தட்டு இல்லாமல் ஓடும் ரெய்டு 5 இன்னொரு பழுதைத் தாங்காது என்பதால், அந்த வரியைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது.

வன்தட்டின் அமைப்புகளைக் காட்டும், மாற்றும் கருவியான எச்டிபார்ம் (hdparm) கொண்டு பார்த்தபோது காரணம் புலப்பட்டது. தட்டின் உண்மையான அளவு 3907029168 செக்டர் (தட்டில் தரவை எண்ணும் சிறு அலகு). ஆனால் கணினிக்குத் தெரிந்தது 3907027055 மட்டுமே. பழைய மதர்போர்டின் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்), தன் நகலைச் சேமித்துக்கொள்வதற்காகத் தட்டின் கடைசியில் 2113 செக்டர்களை மறைத்து வைத்திருந்தது. ஒரு செக்டருக்கு 512 பைட் என்ற கணக்கில் அது 1 எம்பியைச் சற்றே தாண்டும். என் தொகுதியில் ஒவ்வொரு தட்டின் கடைசியிலும் பயன்படுத்தப்படாமல் எஞ்சியிருந்ததோ வெறும் 176 செக்டர். ஆக, 2 டிபி தட்டு ஒன்று 1937 செக்டர் குறைவினால் வாசலிலேயே நிறுத்தப்பட்டது.

மறைப்பை நீக்குவது எளிது: எச்டிபார்மிலேயே முழு எண்ணைக் கொடுத்து, மாற்றம் நிலைக்கும்படி அந்த எண்ணின் முன் 'p' எழுத்தைச் சேர்த்து, மின்சாரத்தை அணைத்துப் போட்டால் போதும். அதே பழைய மதர்போர்டில் மீண்டும் செருகினால் அது மறுபடி வெட்டிக்கொள்ளக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரே கொள்ளளவு கொண்ட வன்தட்டுகள் ஒரே செக்டர் எண்ணிக்கையில் வருவதற்கு வன்தட்டுத் தொழில்துறையின் இடெமா (IDEMA) அமைப்பு வகுத்த சூத்திரமே காரணம். 1 டிபி என்றால் 1953525168 செக்டர் என்பது அதிலிருந்து வருவதுதான். எஸ்எஸ்டிகளில் இந்த நிம்மதி குறைவு. பேச்சுவழக்கில் 1 டிபி என்று சொல்லப்படுபவை 960, 1000, 1024 ஜிபி என மூன்று விதமாக விற்பனைக்கு வருகின்றன. 1024 ஜிபியில் முழுமையாகக் கட்டிய தொகுதிக்குள் 1000 ஜிபி தட்டை எந்தக் கட்டளையாலும் நுழைக்க முடியாது.

அதன் பிறகு தொகுதியைப் புதிதாகக் கட்டியபோது முழுத் தட்டையும் கொடுக்காமல், கடைசியில் 100 எம்பி விட்டுப் பகிர்வு (பார்ட்டிஷன்) அமைத்து, அந்தப் பகிர்வுகளையே சேர்த்தேன். வன்பொருள் ரெய்டு அட்டைகள் சிலவற்றில் தட்டின் அளவைக் கீழ்நோக்கி முழுமையாக்கும் அமைப்பு இருப்பதும், கோப்புச் சேமிப்புக் கணினிகளுக்கான பழைய ஃப்ரீநாஸ் இயங்குதளம் ஒவ்வொரு தட்டிலும் 2 ஜிபி ஸ்வாப் (நினைவகத்துக்குத் துணையான இடம்) ஒதுக்கியது மாற்றத்தின்போது கைகொடுத்ததும் இதே வகைதான். ஓடிக்கொண்டிருக்கும் தொகுதியைப் பின்னர் சுருக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: முதலில் கோப்பு முறைமையைச் சுருக்கி, பிறகே தொகுதியைச் சுருக்க வேண்டும், வரிசை மாறினால் தரவு போய்விடும். கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ் (XFS) ஆக இருந்தால் நடைமுறையில் அந்த வழியே இல்லை.

இப்போது மாற்றுத் தட்டு வாங்கியதும் முதல் வேலையாகச் செக்டர் எண்ணிக்கையைப் பார்த்து, மார்க்கர் பேனாவால் அதன் முதுகில் எழுதிவிடுகிறேன். அலமாரியில் இருக்கும் இரண்டு தட்டுகளிலும் 3907029168 என்றே இருக்கிறது.